நெல்லையில் தொழிலுக்கு எவ்வளவு நிலம் இருக்கிறது?

நெல்லையில் வேலை இல்லை என்று யாராவது பேச்செடுத்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் உடனே கணக்குச் சொல்வார்: கங்கைகொண்டானில் 2,000 ஏக்கர் கிடக்கிறது, நாங்குநேரியில் 2,500 ஏக்கர் கிடக்கிறது, நிலத்துக்கா பஞ்சம், கம்பெனிக்காரன் வரமாட்டேங்கிறான் அவ்வளவுதான். அவர் சொல்லும் ஏக்கரெல்லாம் காகிதத்தில் சரிதான். ஆனால் அதே நாளில் தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், பட்டறை போட 20 சென்ட் இடம் தேடி அலுத்துவிட்டேன் என்பார். ஆயிரக்கணக்கான ஏக்கர் சும்மா கிடக்கும் மாவட்டத்தில் 20 சென்டுக்கு ஒருவர் அலைகிறார் என்றால், நிலத்தை நாம் எண்ணுகிற விதத்தில்தான் கோளாறு.

தொழிலுக்கான நிலம் என்று நாம் மொத்தமாகச் சொல்வதற்குள் பல சங்கதிகள் இருக்கின்றன. அரசு கையகப்படுத்தி வேலி போட்ட நிலம் ஒன்று. அதிலேயே சாலை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் வந்து, நாளைக்கே கட்டடம் எழுப்பலாம் என்கிற நிலையில் இருப்பது வேறு. ஒரு கம்பெனிக்கு ஒதுக்கியாயிற்று, ஆனால் அவர் இன்னும் செங்கல்கூட வைக்கவில்லை என்பது இன்னொன்று. உண்மையிலேயே எந்திரம் ஓடி, ஷிப்டுக்கு ஆள் போய் வருகிற நிலம் கடைசி. இந்த நாலையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், வேறு உபயோகம் இல்லை. இதுபோக யாரும் எண்ணாத ஐந்தாவது ஒன்று உண்டு: நேற்றுவரை தொழில் நடந்து, இன்றைக்கு வேறு எதற்கோ போய்விட்ட நிலம். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், பின்னால் வருகிறேன்.

இங்கிலாந்தில் இந்தக் கணக்கை உள்ளூர் மன்றங்கள் ரொம்ப நாளாகவே எழுதி வருகின்றன. 2004இல் வந்த திட்டமிடல் சட்டம் வருடாந்திரக் கண்காணிப்பு அறிக்கையைக் கட்டாயமாக்கியது. மார்ச் 31ஐக் கணக்கு முடிக்கும் நாளாக வைத்துக்கொண்டு, அந்த மாவட்டத்தில் தொழிலுக்கென்று ஒதுக்கியது எத்தனை ஹெக்டேர், அனுமதி வாங்கியும் தொடங்காதது எவ்வளவு, கட்டிக்கொண்டிருப்பது எவ்வளவு, அந்த வருஷம் முடிந்தது எவ்வளவு, தொழிலிலிருந்து வீடு மாதிரி வேறு உபயோகத்துக்குப் போனது எவ்வளவு என்று பதிவார்கள். 2011இல் விதிகளைக் கொஞ்சம் தளர்த்தினார்கள், ஆனாலும் எண்ணும் வேலை நிற்கவில்லை. 2013இல் அலுவலகக் கட்டடங்களை முழுத் திட்ட அனுமதி இல்லாமலே வீடாக மாற்றலாம் என்று அங்கே சலுகை கொடுத்தார்கள். அந்தச் சலுகையில் எவ்வளவு வேலையிடம் கரைந்தது என்று ஊர் ஊராகச் சண்டை போட முடிந்ததற்குக் காரணம், இழந்ததை எழுதி வைக்க ஒரு பத்தி ஏற்கெனவே இருந்ததுதான். அப்புறம் 2020இல் கடை, அலுவலகம் இரண்டையும் ஒரே வகைக்குள் போட்டார்கள், அதில் அந்தக் கணக்கே கொஞ்சம் குழம்பிப்போனது வேறு கதை.

நம் ஊருக்கு வருவோம். கங்கைகொண்டானிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட அங்கேதான் கதை முழுசாக இருக்கிறது. 1988இல் மத்திய அரசு கொண்டுவந்த வளர்ச்சி மையத் திட்டத்தில் வந்த இடம் அது. ஊருக்கு வடக்கே, மதுரை போகிற நான்கு வழிச்சாலையை ஒட்டி, பக்கத்திலேயே ரயில் நிலையம், தூத்துக்குடித் துறைமுகம் கைக்கெட்டும் தூரம். இப்படி எல்லாம் கூடி வந்தும் ரொம்ப வருஷம் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் சீமைக் கருவேலம்தான் கண்ணில் படும். 2000களின் கடைசியில் ஏடிசி டயர் தொழிற்சாலை அங்கிருக்கும் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் வந்தது. விவசாய வண்டிகளுக்கும் கனரக எந்திரங்களுக்குமான டயர், பெரும்பாலும் ஏற்றுமதிக்கு. 2016இல் ஜப்பானின் யோகோஹாமா அதை வாங்கியது. 2025 பிப்ரவரியில் டாடா பவரின் சோலார் தொழிற்சாலையை முதல்வர் திறந்து வைத்தார். 4.3 ஜிகாவாட் திறன், 300 ஏக்கருக்கு மேல் நிலம், சுமார் 4,000 பேருக்கு வேலை, அதில் பெரும்பாலோர் பெண்கள். அதே பயணத்தில் விக்ரம் சோலாருக்கும் அடிக்கல் நாட்டினார்கள்.

கணக்குப்படி 1990களிலேயே அந்த நிலம் ‘தொழில் நிலம்’ ஆகிவிட்டது. ஆனால் அதில் ஒரு பெரிய பகுதி வேலை நிலமாக மாற இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. 2005இல் ஒருவர் நெல்லையில் எவ்வளவு தொழில் நிலம் இருக்கிறது என்று கேட்டு, 2,000 ஏக்கர் என்று பதில் வாங்கியிருந்தால், பாலிடெக்னிக் முடித்து நின்ற ஒரு பையனுக்கு அந்த எண்ணால் பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனம் இருந்திருக்காது. அவன் திருப்பூருக்கோ சென்னைக்கோ ரயிலேறியிருப்பான், ஏறினான்.

கங்கைகொண்டானிலேயே எல்காட் என்ற மாநில அரசு மின்னணு நிறுவனத்துக்கென்று 500 ஏக்கர் தனியாக ஒதுக்கப்பட்டது, தகவல் தொழில்நுட்பத்துக்கு. கட்டடம் வந்தது, சாலை வந்தது, ஐடி கம்பெனிகள் வருஷக்கணக்கில் வரவில்லை. காரணம் நிலம் இல்லை என்பதல்ல. ஊரிலிருந்து தள்ளி ஒரு பொட்டலில், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு டீ குடிக்கக்கூடப் போக இடம் இல்லாத இடத்தில் மென்பொருள் கம்பெனி நடத்த ஆள் வரமாட்டார்கள். அந்தத் தொழிலுக்கு வேண்டியது வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ பஸ் வசதியோடு ஒரு நல்ல நாலு மாடிக் கட்டடம். ஆக ‘தொழில் நிலம்’ என்ற சொல்லோடு ‘எந்தத் தொழிலுக்கு’ என்பதும் சேர்ந்தே வர வேண்டும், இல்லாவிட்டால் டயர் கம்பெனிக்கும் மென்பொருள் எழுதுபவருக்கும் ஒரே ஏக்கர்க் கணக்கைக் காட்டிக்கொண்டிருப்போம்.

நாங்குநேரி இதைவிட மோசம். மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் ஒரு தனியார் நிறுவனமும் கூட்டாக, சுமார் 2,500 ஏக்கரில் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்றார்கள். நாலுவழிச்சாலை பக்கத்தில், நாகர்கோவிலும் திருநெல்வேலியும் இரண்டு பக்கமும் எட்டும் தூரம். ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்த மண்டலம் திரும்ப உயிர்பெறும், ஓட்டு எண்ணி முடித்ததும் படுத்துவிடும். பெரும்பகுதி இன்னும் சும்மாதான் கிடக்கிறது. இந்த மாதிரி நிலத்தை ‘இருப்பு’ என்று எழுதுவதா, ‘முடங்கியது’ என்று எழுதுவதா? நான் முடங்கியது என்றுதான் எழுதுவேன். ஏனென்றால் இருப்பு என்று எழுதும் ஒவ்வொரு வருஷமும் ‘இவ்வளவு நிலம் இருக்கும்போது புதிதாக எதற்கு’ என்று ஒருவர் கேட்பார், அந்தக் கேள்வி நியாயமாகவும் இருக்கும். ஆனால் புதிதாக ஒருவர் வந்து நின்றால் அந்த 2,500 ஏக்கரில் ஒரு ஏக்கரை நாளைக்கே எடுத்துக் கொடுக்க முடியாது.

தண்ணீரைச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் நிலத்தைப் பற்றிப் பேச முடியாது. கங்கைகொண்டான் தொழிற்பூங்காவுக்குப் போவது தாமிரபரணித் தண்ணீர். குளிர்பான ஆலைகளுக்குத் தண்ணீர் கொடுப்பதை எதிர்த்து ஊரே எழுந்ததும், 2016 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்ததும், 2017 மார்ச்சில் அந்த மனுக்கள் தள்ளுபடியானதும் பலருக்கு நினைவிருக்கும். அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதை விடுங்கள். கடைமடையில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே வயல் காய்கிற வருஷத்தில், மேலே ஓர் ஆலைக்குக் குழாயில் தண்ணீர் போகிறது என்றால் சண்டை வரத்தான் செய்யும். அதனால் ஒரு பூங்காவில் காலி மனை எத்தனை என்று எழுதும்போது, அந்த மனைகள் எல்லாம் நிறைந்தால் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் வேண்டும், அதில் எவ்வளவு சுத்திகரித்த கழிவுநீர் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். 500 ஏக்கர் இருக்கிறது, 200 ஏக்கருக்குத்தான் தண்ணீர் தாங்கும் என்றால் இருப்பு 200 ஏக்கர்தான். பூங்காவுக்குப் பக்கத்திலேயே 2013இல் அறிவித்த புள்ளிமான் சரணாலயம் வேறு இருக்கிறது, அந்தப் பக்கம் விரிவாக்கம் என்று பேசுகிறவர்கள் அதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

இனி அந்த ஐந்தாவது கணக்கு, இழந்த நிலம்.

பேட்டை கூட்டுறவு நூற்பாலை மூடிப் பல வருஷமாகிறது. சேரன்மகாதேவி சாலையில் அந்த வட்டாரமே ஆலைச் சங்கு சத்தத்துக்கு எழுந்து ஆலைச் சங்கு சத்தத்துக்குச் சாப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. ஆலை மூடினால் ஆட்கள் வேலை இழந்ததை மட்டும் எழுதுகிறோம், நியாயம்தான். ஆனால் நிலமும் வேலை இழக்கிறது. அந்த ஏக்கர்கள் எந்தப் பதிவேட்டிலும் ‘தொழிலில் இருந்தது, இப்போது இல்லை’ என்று ஏறுவதில்லை. இது பெரிய ஆலைக் கதை, எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போகிறது சின்னது: அரிசி ஆலை மூடி அந்த இடத்தில் கல்யாண மண்டபம் வருவது, மரக்கடை போய் அடுக்குமாடி வருவது, பட்டறை ஷெட் ஒன்று ஆன்லைன் கம்பெனியின் குடோன் ஆவது. குடோனிலும் நாலு பேருக்கு வேலை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் பன்னிரண்டு பேர் லேத் ஓட்டிய இடத்தில் நாலு பேர் அட்டைப்பெட்டி தூக்குவது ஒன்றல்ல.

இதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஆள் போட்டு ஊர் ஊராகச் சுற்றத் தேவையில்லை என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. மின்வாரியத்திடம் எல்லாம் இருக்கிறது. தாழ்வழுத்த இணைப்பில் தொழிற்சாலைக்கு 3-பி, குடிசைத் தொழில், சிறுதொழிலுக்கு 3-ஏ, கடை கண்ணிக்கு 5, வீட்டுக்கு 1-ஏ. ஒரு பட்டறை மூடி அங்கே துணிக்கடை வந்தால், இணைப்பு 3-பியிலிருந்து 5க்கு மாறும். வீடு கட்டினால் 1-ஏ ஆகும். வருஷத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு பிரிவு அலுவலகத்திலும் எத்தனை இணைப்பு தொழில் வீதத்திலிருந்து வேறு வீதத்துக்கு மாறியது, எத்தனை புதிதாகத் தொழில் வீதத்துக்கு வந்தது என்று ஒரு தாளில் எடுத்தாலே, எந்த வார்டில் தொழில் கரைகிறது, எந்தச் சாலையோரம் முளைக்கிறது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

மேலே சொன்ன லேத் பட்டறைக்காரர் கற்பனை ஆள் இல்லை, எனக்குத் தெரிந்தவர். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், வெல்டிங் செட், அவரோடு சேர்த்து ஏழெட்டுப் பேர். அரிசி ஆலை ஷாஃப்ட், பம்புசெட், டிராக்டர் கலப்பை, ஈய பேரிங்கை உருக்கி ஊற்றுவது என்று கைவசம் எப்போதும் வேலை இருக்கும். வாடகை ஷெட். சுற்றிலும் வீடு வந்துவிட்டது, ராத்திரி எட்டு மணிக்கு மேல் கிரைண்டர் போட்டால் பக்கத்து மாடியிலிருந்து சத்தம் வரும். ஷெட்டுக்காரருக்கோ அதை இடித்து வரிசையாகக் கடை கட்ட ஆசை. சரி, சொந்தமாக ஓர் இடம் பார்ப்போம் என்று ராஜவல்லிபுரம் பக்கமும் பொன்னாக்குடிப் பக்கமும் போய்ப் பார்த்தார். பக்கத்துச் சர்வே எண்ணில் யாரோ பிளாட் போட்டுக் கலர் கல் நட்டுவிட்டதால், புஞ்சைக் காட்டுக்கும் பிளாட் விலை சொல்கிறார்கள். விலை படிந்த ஓர் இடத்துக்கு லாரி போகப் பாதை இல்லை. பாதை இருந்த இடம் திட்டப்படி விவசாய மண்டலம். நில உபயோக மாற்றம் வாங்க வேண்டும், அது வந்தால்தான் கட்டட அனுமதி, கட்டட அனுமதி இருந்தால்தான் வங்கிக் கடன், இதற்கிடையில் மும்முனை மின்சாரத்துக்குக் கம்பம் நடும் செலவு தனி. ‘‘அண்ணாச்சி, வீடு கட்டுறேன்னு சொன்னா நாளைக்கே லோன் குடுக்கான், பட்டறை போடுறேன்னா ஆயிரம் காயிதம் கேக்கான்’’ என்றார். சிறுதொழிலுக்கான அரசு நிறுவனம் சிட்கோவின் பேட்டை தொழிற்பேட்டையில் கேட்கலாமே என்றேன். அங்கே இடம் காலியாவதே அபூர்வம், காலியான மாதிரி தெரிகிற ஷெட்டிலும் உள்ளே யாரோ சாக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

கங்கைகொண்டான் மாதிரித் தொழிற்பூங்காக்களை நடத்தும் அரசு நிறுவனம் சிப்காட் 1971இல் வந்தது, சிட்கோ அதற்கு ஒரு வருஷம் முன்னால். ஒன்று பெரியவர்களுக்கு, ஒன்று சிறியவர்களுக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டுக்கும் அடியில் இருக்கிற இந்த 20 சென்ட்காரருக்கு, ஊருக்குள் மிச்சமிருக்கும் பழைய ஷெட்டும் ஊரோரத்துப் புஞ்சையும்தான் கதி. மாவட்டத்தில் எத்தனை ஏக்கர் தொழில் நிலம் என்று கேட்கும்போது இவருக்கான நிலம் அந்த எண்ணில் எங்கேயும் இல்லை. இவர் வரிசையில் நிற்கும் வெல்டிங் பட்டறை, ஸ்டீல் பீரோ செய்பவர், மரச்செக்கு போட நினைப்பவர், வீட்டு மாடியில் பத்துத் தையல் மிஷின் போட்டிருக்கும் அக்கா எல்லோருக்கும் இதே நிலைதான்.

வேலைக்கான நிலம் என்றால் ஆலை, ஷெட் மட்டும்தானா என்று கேட்டால், இந்த மாவட்டத்தில் கண்டிப்பாக இல்லை. மாஞ்சோலையை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குப் போன நிலம், 8,374 ஏக்கர். அதில் தேயிலை நின்றது ஒரு பகுதிதான். குத்தகை 2028இல் முடிய வேண்டியது, அதற்கு முன்பே 2024இல் கம்பெனி கையைக் கழுவிக்கொண்டு தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தது. களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் நிலம், காடாகத் திரும்ப வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நாலு தலைமுறை கொழுந்து பறித்து வாழ்ந்த குடும்பங்கள் மலையிறங்கி வரும்போது, கீழே சமவெளியில் அவர்களுக்கு ஈடாக வேலை தரும் நிலம் எங்கே இருக்கிறது என்ற கேள்வியை ஒரு தாளில் எழுதி வைத்திருக்க வேண்டாமா? 2028 என்ற தேதி 1929லேயே தெரிந்த தேதி. நில இருப்பைக் கண்காணிக்கிறவர்கள் இருந்திருந்தால், பத்து வருஷம் முன்பே ‘இன்ன தேதியில் இவ்வளவு வேலையிடம் போகப்போகிறது’ என்று குறிப்பு எழுதியிருப்பார்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம், ராதாபுரம், வள்ளியூர், பணகுடி வட்டாரத்துக் காற்றாலைகள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இறங்கும் பூமி, காற்றாலைக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. காடுகரையாகக் கிடந்த நிலத்துக்கு விலை வந்தது, மின்சாரம் வந்தது, எல்லாம் நல்லது. ஆனால் அது முதலீட்டு நிலம், வேலை நிலம் அல்ல. கட்டும்போது கிரேன், லாரி, ஆள் என்று கூட்டமாக இருக்கும், கட்டி முடித்தபின் ஒரு காவலாளியும் எப்போதாவது வந்து ஏறிப் பார்க்கும் டெக்னீஷியனும்தான். கோடிக்கணக்கில் முதலீடு என்று அறிவிப்பில் படிக்கும்போது, ஏக்கருக்கு எத்தனை பேர் என்று ஒருமுறை வகுத்துப் பாருங்கள். சோலார் ஆலையில் ஏக்கருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பேர் வரும். அந்த ஏழெட்டுப் பேர் லேத் பட்டறை 20 சென்டில் நடந்தால், ஏக்கர்க் கணக்கில் 35 முதல் 40 பேர். அதற்காகச் சோலார் ஆலை வேண்டாம் என்று சொல்லவில்லை, அங்கே பிஎஃப், இஎஸ்ஐ, பஸ் வசதி எல்லாம் உண்டு. சின்னப் பட்டறையைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு ஓட்டை பீடி. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் மத்தியானம் தெருவில் நடந்தால் வாசல் வாசலாகப் பெண்கள் மடியில் தட்டை வைத்துச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். இலையும் தூளும் கடையிலிருந்து வரும், சுற்றிய பீடி கடைக்குப் போகும். அந்த வேலை எந்தத் தொழில் மண்டலத்திலும் நடக்கவில்லை, வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. பீடி குறைந்துகொண்டே போகிறது, குறைய வேண்டியதும்தான். அந்தப் பெண்கள் அடுத்து ஒரு வேலைக்குப் போவதென்றால் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், ராத்திரி ஷிப்ட் ஆகாது, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் யாராவது வேண்டும். நாங்குநேரியின் 2,500 ஏக்கரும் நாளைக்கே நிறைந்தாலும் முக்கூடல் பெண்ணுக்கு அது எட்டாத நிலம். அதனால் எங்கே இருக்கிறது, யாருக்கு எட்டுகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

மாவட்ட எல்லையும் கொஞ்சம் படுத்தும். 1986இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. பழைய ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்று போட்ட புள்ளிவிவரத்தில் சங்கரன்கோவில் விசைத்தறியும் செங்கோட்டையும் சேர்ந்திருக்கும், இப்போது எட்டு வட்டங்கள்தான். ஆகவே 2015 எண்ணையும் 2025 எண்ணையும் பக்கத்தில் வைத்து ஏறியது இறங்கியது என்று பேசினால் அது பேச்சே இல்லை. வட்டம் வட்டமாக எண்ணினால்தான் எல்லை மாறினாலும் கணக்கு தொடரும். இன்னொன்று, வேலைக்குப் போகிறவர்கள் மாவட்ட எல்லை பார்ப்பதில்லை. தூத்துக்குடி சில்லாநத்தத்தில் 2025 ஆகஸ்டில் திறந்த வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை அடுத்த மாவட்டம்தான், ஆனால் பாளையங்கோட்டையிலிருந்து பார்த்தால் நாங்குநேரி போகிற தூரத்தோடு ஒப்பிடும்படியான தூரம்தான். நம் பையன்களுக்கு அதுவும் உள்ளூர் நிலம் மாதிரிதான், அப்படித்தான் எழுத வேண்டும்.

சரி, இதையெல்லாம் யார் எண்ணுவது? சிப்காட்டிடம் அதன் மனைக் கணக்கு இருக்கிறது. மத்திய அரசின் தொழில் நில வங்கி 2020லிருந்து வரைபடத்தோடு இணையத்தில் இருக்கிறது, பூங்காக்களின் காலி இடத்தை அதில் பார்க்கலாம். நகர் ஊரமைப்புத் துறையிடம் நில உபயோக மாற்றக் கோப்புகள் இருக்கின்றன. மாவட்டத் தொழில் மையத்திடம் சிறுதொழில்களின் உத்யம் பதிவுகள், மின்வாரியத்திடம் இணைப்புகள், பத்திரப் பதிவில் கிரயங்கள். ஒவ்வொருவரும் தன் தாளைத் தானே வைத்திருக்கிறார். இதையெல்லாம் ஒரே தாளில் கொண்டுவர ஒரு நாள் வேண்டும், ஓர் ஆள் வேண்டும்.

அந்த நாள் ஏற்கெனவே இருக்கிறது: ஜமாபந்தி, வருவாய்த் துறையின் வருடாந்திரக் கணக்குச் சரிபார்ப்பு. ஜூலை 1இல் தொடங்கும் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டு முடிகிற சமயத்தில், கிராம நிர்வாக அலுவலர்கள் கணக்கைத் தூக்கிக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வருகிறார்கள். அடங்கல் என்ற கிராமப் பயிர்க் கணக்கில் ஒவ்வொரு சர்வே எண்ணிலும் நெல்லா, வாழையா, தரிசா என்று எழுதியாகிறது. இந்த மாதிரி ஒரு வழக்கம் நம்மிடம் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. கிராமத்தில் எந்த வயலில் உளுந்து போட்டார்கள் என்று அறிந்த அலுவலருக்கு, எந்தச் சர்வே எண்ணில் பட்டறை ஓடுகிறது, எது பூட்டிக் கிடக்கிறது என்பது தெரியாதா என்ன? அடங்கலோடு இன்னொரு பக்கம் சேர்த்தால் போதும்: தொழில் நடக்கும் இடம், ஒதுக்கியும் தொடங்காத இடம், இந்த வருஷம் தொழிலை விட்டுப்போன இடம். கிராம நிர்வாக அலுவலர்களுக்கு ஏற்கெனவே வேலைச்சுமை தலைக்கு மேல் இருக்கிறது, அது நியாயமான ஆட்சேபம். ஆனால் நகரத்துக்குள் மாநகராட்சியின் தொழில் உரிமமும் மின் இணைப்பும் பாதி வேலையைச் செய்துவிடும்.

ஒதுக்கியும் தொடங்காத இடம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிப்காட் நிலம் நீண்ட காலக் குத்தகை, இத்தனை காலத்துக்குள் கட்டி உற்பத்தி தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒதுக்கீட்டை ரத்து செய்யலாம் என்று நிபந்தனை உண்டு. காகிதத்தில் இருக்கும் இந்த நிபந்தனை நடப்புக்கு வருகிறதா என்பது, எந்த மனை எப்போது ஒதுக்கப்பட்டது, இன்றைக்கு என்ன நிலை என்ற பட்டியல் வெளியே வந்தால்தான் தெரியும். நிலத்தை வாங்கி அமுக்கி வைத்திருப்பவருக்கு அந்தப் பட்டியல்தான் பிடிக்காது.

இப்போது மூலைக்கரைப்பட்டியில் புதிதாக ஒரு சிப்காட் பூங்கா வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புக் கால்வாயும் 2025 பிப்ரவரியில் திறந்தாயிற்று, அந்த வறண்ட பக்கத்துக்கு வெள்ளநீர் போகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நாங்குநேரி, திசையன்விளைப் பக்கம் நிலத்தின் விலை இப்போதே ஏற ஆரம்பித்திருக்கும், பிளாட் கல் நடுகிறவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். அறிவிப்பு வந்த தேதியிலிருந்தே எண்ண ஆரம்பித்தால், பூங்காவின் வேலிக்கு வெளியே சின்னப் பட்டறைகள் வரக்கூடிய புஞ்சை எவ்வளவு பிளாட்டாகப் போனது என்பது பூங்கா திறக்கும் நாளில் கையில் இருக்கும்.

அரசு எண்ணும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று நினைப்பவர்களுக்கு, 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மூன்று மனு போடலாம். சிப்காட்டிடம்: கங்கைகொண்டானில் ஒதுக்கிய மனைகள், ஒதுக்கிய ஆண்டு, உற்பத்தி தொடங்கிய ஆண்டு, ரத்து செய்தவை. நகர் ஊரமைப்புத் துறையிடம்: கடந்த ஐந்து ஆண்டுகளில் தொழில் உபயோகத்திலிருந்து குடியிருப்புக்கும் வணிகத்துக்கும் மாற்றிய சர்வே எண்கள், பரப்பு. மின்வாரியத்திடம்: அதே ஐந்து ஆண்டுகளில் 3-பியிலிருந்து 5க்கும் 1-ஏக்கும் மாறிய இணைப்புகளின் எண்ணிக்கை, பிரிவு வாரியாக. 30 நாளில் பதில் வர வேண்டும். மூன்றாவது மனுவில் ‘பெயர், முகவரி வேண்டாம், எண்ணிக்கை மட்டும்’ என்று சேர்த்து எழுதுங்கள், தனிநபர் தகவல் என்று சொல்லித் தட்டிக்கழிக்க வழியிருக்காது.